ரோட்டரி இன்ஜின்: பலமும் பலவீனமும் ஒரே வடிவத்திலிருந்து

ரோட்டரி இன்ஜினில் ஓடும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் விவரத் தாளில் இன்ஜின் கொள்ளளவு 1,308 சிசி, சக்தி 250 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். அதே காலத்தில் ஜப்பானில் விற்ற, வழக்கமான பிஸ்டன் இன்ஜின் கொண்ட ஹோண்டா எஸ்2000 காருக்கு 1,997 சிசி, சக்தி அதே 250. இரண்டுமே 9,000 ஆர்பிஎம் வரை ஏறும். இந்த இரண்டு வரிகளையும் அருகருகே வைத்து ரோட்டரி ஓர் அதிசயம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. மைலேஜையும், அது குடிக்கும் ஆயிலையும் காட்டி உருப்படாத இன்ஜின் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பேச்சுமே பிடிப்பதில்லை. ஏனென்றால் ரோட்டரியின் நல்ல குணங்கள் எந்த வடிவத்திலிருந்து வருகின்றனவோ, அதே வடிவத்திலிருந்துதான் கெட்ட குணங்களும் வருகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழற்றிப் போட முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்கள் அதைத்தான் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதல் உலகப் போர் விமானங்களிலும் ரோட்டரி என்ற பெயரில் ஓர் இன்ஜின் இருந்தது. பிரான்சின் நோம், லெ ரோன் போன்றவை அந்த வகை. அதில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும், சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றுவதால் காற்றிலேயே நன்றாகக் குளிரும். ஆனால் உயவுக்காக ஊற்றிய ஆமணக்கு எண்ணெய் திரும்பி வராமல் புகையோடு வெளியே போய்விடும், சுற்றும் எடையின் வேகத்தால் விமானம் ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் மறுபக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். உள்ளே இருந்தது என்னவோ வழக்கமான பிஸ்டன்தான். அந்த வகை போருக்குப் பிறகு சீக்கிரமே வழக்கொழிந்து போனது. இங்கே பேசுவது ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெல் பெயரில் வழங்கும் இன்ஜினைப் பற்றி.

வான்கெல் பொறியியல் கல்லூரிக்குப் போனவர் இல்லை. சுழலும் வால்வுகளில் வாயு கசியாமல் அடைப்பது எப்படி என்பதுதான் அவர் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்த வேலை. 1950களில் என்எஸ்யூ என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1957 பிப்ரவரியில் அவருடைய முதல் மாதிரி இன்ஜின் ஓடியது. அதில் உள்ளே சுழலும் முக்கோணத் துண்டான ரோட்டர் மட்டுமல்ல, அதைச் சுற்றியிருந்த கூடும் சேர்ந்தே சுற்றியது. அழகான ஏற்பாடுதான், ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றவே இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தது. என்எஸ்யூவின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை நிலையாக வைத்து, ரோட்டரை மட்டும் உள்ளே சுற்றவிட்டார். வான்கெலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனால் பிறகு கார்களில் ஓடியது எல்லாம் பாஷ்கேயின் அமைப்புதான்.

சரி, வேலை செய்யும் விதத்துக்கு வருவோம். பிஸ்டன் இன்ஜினில் பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து சுழற்சியாக மாற்றுகின்றன. எஸ்2000 இன்ஜினில் ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர். 9,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 300 முறை முழுதாக நின்று திசை மாறுகிறது, சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். இப்படி நிறுத்துவதற்கும் மறுபடி கிளப்புவதற்குமான விசை முழுவதையும் ராடும் பேரிங்கும் தாங்க வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜின் எவ்வளவு நன்றாகச் சமன் செய்யப்பட்டிருந்தாலும் சுழற்சிக்கு இரண்டு முறை வரும் ஓர் அதிர்வு மிஞ்சியே இருக்கும், அதை அடக்கத்தான் பல கார்களில் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கிறார்கள்.

ரோட்டரியில் இடுப்பு லேசாகக் குறுகிய நீள்வட்டம் போன்ற ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர். ரோட்டரின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அதனால் சுவருக்கும் ரோட்டருக்கும் இடையில் எந்த நேரமும் மூன்று அறைகள். ரோட்டர் நகர நகர ஒவ்வோர் அறையும் விரியும், சுருங்கும், மறுபடி விரியும், மறுபடி சுருங்கும். இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது என்ற அதே நாலு வேலை. ஓர் அறை காற்றை இழுக்கும்போது அடுத்தது அழுத்துகிறது அல்லது எரிக்கிறது, மூன்றாவது புகையைத் தள்ளுகிறது. வால்வு கிடையாது. சுவரில் உள்ள துளைகளை ரோட்டரே மூடுகிறது, திறக்கிறது. கேம் ஷாஃப்ட், டைமிங் செயின், வால்வு ஸ்பிரிங், ராடு எதுவும் வேண்டாம். இரண்டு ரோட்டர் இன்ஜினில் முக்கியமான அசையும் பாகங்கள் மொத்தம் மூன்றுதான்: இரண்டு ரோட்டர், அவை ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு ஷாஃப்ட். எஸ்2000-இல் பிஸ்டன், ராடு, கிராங்க், கேம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வால்வுகளை மட்டும் எண்ணினாலே பதினாறு.

பலரும் நினைப்பதுபோல் ரோட்டர் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் சுற்றுவதில்லை. ரோட்டருக்குள் இருக்கும் பல்சக்கரம் பக்கச் சுவரில் பதித்த சிறிய நிலையான பல்சக்கரத்தின் மேல் உருள்கிறது. ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று முடித்துவிடும். ஆக ஷாஃப்ட் 9,000-இல் ஓடும்போது ரோட்டர் 3,000-இல்தான் சுற்றுகிறது. ரோட்டரின் மையம் நகர்வது சுத்தமான சிறு வட்டத்தில், மாஸ்டாவின் 13பி இன்ஜினில் (ஆர்எக்ஸ்-8-இல் இருப்பதும் இந்தக் குடும்பம்தான்) அந்த வட்டத்தின் ஆரம் வெறும் 15 மில்லிமீட்டர். வட்டமாக நகரும் எடையை எதிர்ப்பக்கம் ஓர் எடை வைத்து முழுமையாகச் சமன் செய்துவிடலாம். எங்கேயும் நிற்க வேண்டாம், திரும்ப வேண்டாம். ரோட்டரி ஓட்டியவர்கள் அதன் வழுக்கலைப் பற்றி மனம் உருகிப் பேசுவதற்குக் காரணம் இதுதான், அதில் மிகையே இல்லை. சத்தமும் அதிர்வும் சேர்ந்து ‘போதும், கியரை மாற்று’ என்று சொல்லாததால் ஆரம்ப கால ரோட்டரிகளை ஓட்டுநர்கள் அளவுக்கு மீறி முறுக்கிவிடுவார்கள். அதற்காகவே முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் எல்லையை நெருங்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி வைத்தார்கள்.

இப்போது அந்த சிசி கணக்கு. 13பி-இல் ரோட்டர் மையத்திலிருந்து முனை வரை 105 மில்லிமீட்டர், மையம் விலகியிருக்கும் தூரம் 15, ரோட்டரின் அகலம் 80. மூன்றின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கினால் 5.196. அதோடு 10.5, 1.5, 8 என்ற மூன்று சென்டிமீட்டர் அளவுகளையும் பெருக்குங்கள், 654-க்குக் கொஞ்சம் மேலே வரும். அதுதான் ஓர் அறையின் கொள்ளளவு. இரண்டு ரோட்டருக்கு 1,308. நிறுவனம் சொல்லும் எண் பொய் இல்லை, ஆனால் ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். ஷாஃப்ட் ஒரு சுற்று வரும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஓர் அறை நிறையக் காற்றை இழுத்து முடிக்கிறது. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டனோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். அதனால் ஒரு சுற்றில் உள்ளே போகும் காற்றை வைத்துப் பார்த்தால் 1.3 லிட்டர் ரோட்டரி என்பது 2.6 லிட்டர் பிஸ்டன் இன்ஜினுக்குச் சமம். மூன்று அறைகளையும் எண்ணி 3.9 லிட்டர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அத்தனையும் சுழன்று முடிய ஷாஃப்டுக்கு மூன்று சுற்று ஆகிறது என்பதால் அந்த ஒப்பீடு குழப்பத்தைத்தான் கூட்டும். ஜப்பானில் வாகன வரிக்கு ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறார்கள், அது நடுவில் எடுத்த ஒரு சமரசம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள். எஸ்2000 தன் 2 லிட்டரில் எடுக்கும் 250-ஐ, ஆர்எக்ஸ்-8 எடுக்க 2.6 லிட்டருக்குச் சமமான காற்று தேவைப்படுகிறது. இழுத்த காற்றுக்குக் கொடுத்த வேலை என்று பார்த்தால் பிஸ்டன்தான் ஜெயிக்கிறது. ஆனால் இன்ஜினின் எடைக்கும் அது அடைக்கும் இடத்துக்கும் கொடுத்த வேலை என்று பார்த்தால் ரோட்டரி முந்துகிறது. ஆர்எக்ஸ்-8-இல் இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால், தாழ்வாக, கிட்டத்தட்ட ஓட்டுநரின் கால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதே சக்தி தரும் பிஸ்டன் இன்ஜினை அந்த அளவு கீழே, அந்த அளவு உள்ளே தள்ளி வைப்பது கஷ்டம். ரோட்டரிக்கு எந்த அளவுகோல் நியாயமானது என்று என்னைக் கேட்டால் நான் சிசியைச் சொல்ல மாட்டேன். கிலோவுக்கு எத்தனை குதிரைத்திறன், லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் அது நன்றாகத் தேறும், இரண்டாவதில் தோற்கும்.

ஏன் தோற்கிறது? இரண்டு காரணம், ஒன்று வாயு கசியாமல் அடைக்கும் சீல், மற்றது எரியும் அறையின் வடிவம்.

சீலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த இன்ஜினின் பாதிக் கதை அதுதான். பிஸ்டனைச் சுற்றி உள்ள ரிங் ஒரு முழு வட்டம். அது உருளைச் சுவரில் எப்போதும் ஒரே கோணத்தில் உட்காரும், அழுத்தம் எப்போதும் மேலிருந்து வரும், கீழிருந்து ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். இதைவிட வசதியான வேலை ஒரு சீலுக்குக் கிடைக்காது. ரோட்டரின் முனையில் இருப்பதோ சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய பட்டை, ஏபெக்ஸ் சீல் என்று பெயர். அது சுவரைத் தொடுவது ஒரே கோடாக. கூட்டின் வளைவு மாறிக்கொண்டே இருப்பதால் சீல் சுவரில் நேராக நிற்பதில்லை, 13பி-இன் அளவுகளுக்கு இருபுறமும் சுமார் 25 டிகிரி வரை சாய்ந்து சாய்ந்து போகிறது. அதன் ஒரு பக்கம் எரியும் அறை, மறுபக்கம் வேறு அறை, எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்பது சுற்றுக்குள்ளேயே மாறுகிறது, மாறும்போதெல்லாம் சீல் தன் பள்ளத்துக்குள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தாவுகிறது. வேகத்தையும் சேருங்கள். ஒரு முழுச் சுற்றில் சீல் போகும் தூரம் சுமார் 69 சென்டிமீட்டர். ஷாஃப்ட் 9,000-இல் இருக்கும்போது அது விநாடிக்கு ஏறக்குறைய 35 மீட்டர் வேகத்தில் தேய்கிறது, பிஸ்டன் ரிங்கின் 25-ஐவிட நன்றாகவே அதிகம். ஒரு ரோட்டருக்கு மூன்று முனைச் சீல் மட்டுமல்ல, பக்கவாட்டில் வளைந்த சீல்கள், அவை சந்திக்கும் மூலைகளில் பொத்தான் போன்ற சீல்கள் என்று தனித்தனித் துண்டுகள் சேர்ந்துதான் ஓர் அறையை அடைக்கின்றன. துண்டுகள் சேரும் ஒவ்வோர் இடமும் கசிய ஒரு வாய்ப்பு.

என்எஸ்யூ இதில்தான் அடி வாங்கியது. 1967-இல் வந்த அவர்களுடைய ஆர்ஓ 80 செடான், வடிவத்தில் இன்றைக்கும் பழசாகத் தெரியாத கார், ஐரோப்பாவில் 1968-ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. ஆனால் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. வாரண்டியில் இன்ஜின் இன்ஜினாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. 1969-இல் நிறுவனமே ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. நல்ல யோசனை ஒன்று, தேறுவதற்கு முன்பே சந்தைக்கு வந்ததற்குக் கொடுத்த விலை அது.

அதே பிரச்சினை ஹிரோஷிமாவிலும் இருந்தது. மாஸ்டா கார்களைச் செய்த டோயோ கோக்யோ 1961-இல் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கியது. கெனிச்சி யமாமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. இன்ஜினை ஓட்டிப் பிரித்துப் பார்த்தால் கூட்டின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல், சலவைப் பலகைபோல் மேடும் பள்ளமும். அதைச் சாத்தானின் நகக்கீறல் என்றே அவர்கள் அழைத்தார்கள். சீல் சுவரில் சீராக வழுக்காமல், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துள்ளித் துள்ளிப் போனதுதான் காரணம். அதாவது சீல் மிருதுவாக இருப்பதும் கடினமாக இருப்பதும் அல்ல விஷயம், அதன் இயல்பான அதிர்வும் அது உராயும் விதமும்தான் என்று புரிந்தது. சீலில் குறுக்காகத் துளை போட்டு அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தார்கள், துள்ளல் குறைந்தது. தயாரிப்புக்கு வந்தபோது கார்பனில் அலுமினியம் ஊடுருவவிட்டுச் செய்த சீலைப் பயன்படுத்தினார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது, 491 சிசி ரோட்டர் இரண்டு, 110 குதிரைத்திறன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீல் அல்ல, அவர்கள் யோசித்த விதம். தேய்மானம் என்றதும் எல்லோரும் கெட்டியான உலோகத்தைத் தேடும்போது, இது அதிர்வுப் பிரச்சினை என்று கண்டுபிடித்தது பெரிய வேலை. யமாமோட்டோ பிறகு 1984-இல் அந்த நிறுவனத்தின் தலைவராகவே ஆனார்.

சீல் ஓரளவு தீர்ந்தது. தீராதது எரியும் அறை. பிஸ்டன் இன்ஜினில் தீப்பொறி பறக்கும் நேரத்தில் எரிபொருள் கலவை பிஸ்டன் தலைக்கு மேல் கச்சிதமாகத் திரண்டிருக்கும். நடுவில் பற்ற வைத்தால் தீ எல்லாப் பக்கமும் சீக்கிரம் போய்ச் சேரும். ரோட்டரியில் அதே நேரத்தில் கலவை நீளமாக, மெல்லிசாக, தோசைபோல் பரந்து கிடக்கிறது. அதுவும் நின்ற இடத்தில் இல்லை, ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பிளக் போதாது என்று இரண்டு வைக்கிறார்கள், அப்போதும் பின்பக்க ஓரத்துக்குத் தீ போய்ச் சேருவது சிரமம். பரப்பளவு அதிகம் என்பதால் தீயின் சூடு உலோகத்துக்குள் இறங்கிவிடுகிறது, சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு எரியாமலே குளிர்ந்து போகிறது. பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமல் சைலன்சர் வழியாக வெளியேறுகிறது, இன்னொரு பகுதி இன்ஜினை விட்டுப் போன பிறகு எரிந்துகொண்டே போகிறது. ரோட்டரியின் புகைக்குழாய் அவ்வளவு சூடாக இருப்பதற்கும், சில சமயம் தீ துப்புவதற்கும், டர்போ பொருத்தினால் அது துள்ளிக் குதிப்பதற்கும் காரணம் ஒன்றே: வேலையாக மாறியிருக்க வேண்டிய சக்தி வெப்பமாக வெளியே போகிறது. ரசிகர்களுக்கு அந்தத் தீ பிடிக்கும். அது அவர்கள் காசு போட்டு வாங்கிய பெட்ரோல்.

கவனியுங்கள், அறை இப்படி நீளமாக இருப்பது யாரோ சரியாக வடிவமைக்காததால் அல்ல. முக்கோணம் வழுக்கிச் சுற்ற வேண்டுமென்றால் அறை இப்படித்தான் இருக்க முடியும். வால்வு இல்லாத எளிமை, நிற்காத சுழற்சி, சிறிய உடல் எல்லாவற்றையும் தந்த அதே வளைவு இந்த மெல்லிசான அறையையும் சேர்த்தே தருகிறது.

டீசலுக்கும் இதே சிக்கல்தான். டீசல் தானாகப் பற்ற மிக அதிகமாக அழுத்த வேண்டும், நீண்ட மெல்லிய அறையில் அந்த அளவுக்கு அழுத்தினால் எரிய இடமே இருக்காது. ரோல்ஸ் ராய்ஸ் ஒரு பெரிய ரோட்டரைக் கொண்டு முதலில் காற்றை அழுத்தி, சிறிய ரோட்டருக்குள் தள்ளி எரிக்கும் இரண்டடுக்கு டீசல் ரோட்டரி ஒன்றைச் செய்து பார்த்தது. தயாரிப்புக்கு வரவில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினோடு ஒப்பிட்டால் ஒற்றுமை நிறைய இருக்கிறது. நம்மூரில் யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதிலும் கேம் ஷாஃப்ட் திறந்து மூடும் வால்வு இல்லை, துளைகள்தான். அதிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, எடை குறைவு, எடைக்கு மீறிய பிக்கப். அதிலும் ஆயில் எரிந்துதான் தீர வேண்டும். ரோட்டரியில் முனைச் சீலுக்கு உயவு கொடுக்க ஒரு சிறிய பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விடுகிறது, அது பெட்ரோலோடு எரிந்து போகிறது. ஆயில் குறைகிறது என்று பதறிப் போய் மெக்கானிக்கிடம் போக வேண்டாம், அது அப்படித்தான், ஆனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு பார்க்கும் பழக்கம் இல்லாதவர் ரோட்டரி வைத்துக்கொள்ளக் கூடாது. வித்தியாசம் என்னவென்றால் இரண்டு ஸ்ட்ரோக்கில் புதுக் கலவையும் பழைய புகையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் கலக்கின்றன, கலவையில் ஒரு பங்கு எரியாமலே நேராக வெளியே ஓடிவிடும். ரோட்டரியில் நாலு கட்டமும் தனித்தனியாக நடப்பதால் அந்த அளவு மோசமில்லை. ஆர்எக்ஸ்-8-இன் ரெனிசிஸ் இன்ஜினில் புகைத்துளையைச் சுற்றுச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றியதும் இழுக்கும் துளையும் வெளியேற்றும் துளையும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமே இல்லாமல் போய், எரியாத பெட்ரோல் வெளியேறுவது நன்றாகக் குறைந்தது. அப்படியும் அமெரிக்க அரசின் கணக்கில் அந்தக் கார் கொடுத்த மைலேஜ் கேலனுக்கு 18 மைல் அளவில்தான், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கூட இல்லை. 2012-இல் அதன் தயாரிப்பு நின்றது.

குறைந்த வேகத்தில் ரோட்டரி ஏன் சோம்பலாக இருக்கிறது என்பதற்கும் பதில் சீலில் இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அழுத்திய வாயு கசிய நேரம் அதிகம், சூடு சுவருக்குள் இறங்கவும் நேரம் அதிகம். 6,000-க்கு மேலே போனால் இரண்டுக்குமே நேரம் இல்லை, இன்ஜின் உயிர் பெறுகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகரத்துக்கு இந்தக் குணம் துளியும் பொருந்தாது. இன்னொரு விஷயம், ஆர்எக்ஸ்-8-ஐ ஷெட்டிலிருந்து நாலு அடி நகர்த்திவிட்டு, சூடாவதற்குள் அணைத்துவிட்டால் பெட்ரோல் உள்ளே தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகும். பழைய ரோட்டரி வாங்குபவர்கள் அறையின் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் மீட்டரை நம்பவும் கூடாது. அது ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும், ஓர் அறை செத்துக் கிடந்தாலும் தெரியாது. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் உலகமே ரோட்டரிக்கு மாறப்போகிறது என்று நம்பினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் 5 கோடி டாலருக்கு உரிமம் வாங்கச் சம்மதித்தது. மெர்சிடிஸ் சி111 என்ற பரிசோதனைக் காரில் மூன்று ரோட்டர், பிறகு நாலு ரோட்டர் வைத்து ஓட்டியது. சுசூகி ஆர்ஈ5 என்று ரோட்டரி பைக்கே வடிவமைத்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது, எல்லாம் கவிழ்ந்தது. நகர ஓட்டத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடத் தராத காரை யார் வாங்குவார்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் 1974-இல் திட்டத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு கைவிட்டது. அந்த இன்ஜினை நம்பி வடிவமைக்கப்பட்ட ஏஎம்சி பேசர் கார் கடைசியில் பழைய ஆறு சிலிண்டரோடு வந்தது. சித்ரோயன் தன் ஜிஎஸ் பைரோட்டர் கார்களை 847-உடன் நிறுத்தி, விற்றவற்றையும் திரும்ப வாங்கி நொறுக்கியது. மாஸ்டாவும் திவாலாகும் நிலைக்குப் போய், சுமிட்டோமோ வங்கி கைகொடுத்துத்தான் எழுந்தது. எழுந்த பிறகும் ரோட்டரியை விடாமல், எரிபொருள் செலவைப் பெரிதும் குறைத்து 1978-இல் ஆர்எக்ஸ்-7-ஐக் கொண்டுவந்தது. குடும்பக் காரைவிட லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கே ரோட்டரி பொருந்தும் என்ற அந்த முடிவு மிகச் சரியானது. இன்ஜினின் குணம் தெரிந்து வேலை கொடுத்தார்கள்.

1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்ததைச் சொல்லாமல் விட முடியாது. நாலு ரோட்டர், 2,616 சிசி, சுமார் 700 குதிரைத்திறன், செராமிக் சீல், ரோட்டருக்கு மூன்று பிளக், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப நீளம் மாறும் காற்றுக்குழாய். 362 சுற்று ஓடியது. ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு கதை இன்னும் சுற்றி வருகிறது, அது சரியல்ல. 3.5 லிட்டர் பிஸ்டன் இன்ஜின்தான் என்ற விதி அந்த வெற்றிக்கு முன்பே முடிவாகிவிட்டது. அதேபோல் அந்த ஆண்டு போட்டியிலிருந்த மற்ற பழைய விதிக் கார்கள் 1,000 கிலோ இருக்க வேண்டும் என்ற இடத்தில் மாஸ்டாவுக்கு 830 கிலோவே போதும் என்று அனுமதி கிடைத்திருந்தது. இதைச் சொல்வதால் வெற்றியின் மதிப்பு குறையாது. முன்னால் ஓடிய மெர்சிடிஸ் பழுதாகி நின்றபோது, சீல் தேயும் இன்ஜின் என்று பேர் வாங்கியது 24 மணி நேரம் முழுச் சத்தத்தோடு ஓடி முடித்தது.

உண்மையாகச் சுழல மட்டுமே செய்யும் இன்ஜின் என்றால் அது கேஸ் டர்பைன். அதில் எரிவதும் விட்டுவிட்டு அல்ல, தொடர்ந்து எரிகிறது, சீல் உராய்வு கிடையாது. கிரைஸ்லர் 1963-இல் டர்பைன் கார்கள் செய்து 50 கார்களைப் பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. அளவைச் சிறிதாக்கினாலோ பாதி வேகத்தில் ஓட்டினாலோ டர்பைனின் திறன் பாதாளத்துக்குப் போய்விடும், கார் பெரும்பாலும் ஓடுவது அந்த நிலையில்தான். விமானத்துக்கு அது ராஜா. சின்ன விமானத்துக்கு டர்பைன் பெரிது, விலையும் அதிகம், பிஸ்டன் அதிரும். இந்த இடைவெளியில்தான் ரோட்டரிக்கு நிஜமான வீடு கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தின் ஷேடோ ஆளில்லா விமானம் பிரிட்டனில் வடிவமைத்த 38 குதிரைத்திறன் ரோட்டரியில் பறந்தது. இந்தியாவிலும் நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைத்திறன் வான்கெல் இன்ஜின் ஒன்றை அகமத்நகரின் ராணுவ வாகன ஆய்வு நிறுவனமான விஆர்டிஈயும் பெங்களூரின் வானூர்தி ஆய்வகமான என்ஏஎல்லும் சேர்ந்து உருவாக்கின, 2009-இல் அதோடு விமானம் பறந்தது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும் வேலை, கேமரா ஆடக் கூடாது, ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ரோட்டரியின் பலம் எல்லாம் இங்கே உதவுகிறது, அதன் சோம்பல் இங்கே யாருக்கும் தெரியாது.

காரிலும் இதே யோசனையோடுதான் 2023-இல் திரும்பி வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-30 ஆர்-ஈவியில் சக்கரத்தை ஓட்டுவது மின் மோட்டார் மட்டும். 17.8 கிலோவாட் மணி பேட்டரி, அதில் சுமார் 85 கிலோமீட்டர் போகலாம். பேட்டரி குறைந்தால் 830 சிசி ஒற்றை ரோட்டர் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். ரோட்டரின் ஆரத்தை 105-இலிருந்து 120 மில்லிமீட்டராக்கி அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள், முனைச் சீலை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகத் தடிமனாக்கியிருக்கிறார்கள், பெட்ரோலை நேரடியாக அறைக்குள் பீய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் நான் மேலே சொன்ன அந்த இரண்டு பழைய வியாதிகளுக்கான மருந்து.

ஆனால் இதே வேலைக்கு பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரில் வைத்தது ஸ்கூட்டரிலிருந்து எடுத்த 647 சிசி இரட்டை பிஸ்டன் இன்ஜின், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. மின் மோட்டார் வந்த பிறகு வழுக்கல் என்பது எல்லாக் காருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்காக ரோட்டரி வேண்டியதில்லை. மிஞ்சியிருப்பது இடம் ஒன்றுதான். எம்எக்ஸ்-30-இல் இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் மூன்றும் ஒரே அச்சில் வரிசையாக பானெட்டுக்குள் அடங்குகின்றன, அதே கார் முழு மின்சார வடிவத்திலும் வந்ததால் உடலை மாற்றாமல் இரண்டையும் செய்ய முடிந்தது. ரோட்டரி கைவசம் இல்லாத ஒரு நிறுவனம் இதற்காக அதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது வீண் செலவு என்பேன். அறுபது ஆண்டு அனுபவமும் ஆலையும் இருக்கும் ஹிரோஷிமாவுக்கு அது நியாயமான தேர்வு. 2024 பிப்ரவரியில் அங்கே ரோட்டரிக்கென்று தனி வடிவமைப்புக் குழுவை மறுபடி அமைத்திருக்கிறார்கள். இரண்டு ரோட்டர் வைத்த ஐகானிக் எஸ்பி என்ற மாதிரிக் காரையும் காட்டியிருக்கிறார்கள், அது தெருவுக்கு வருவதும் வராததும் அந்த நீண்ட மெல்லிய அறையிலிருந்து வரும் புகையை இன்றைய விதிகளுக்குள் அடக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது.